பனிக்காலத் தும்மல்

மார்கழி பிறந்ததும் எமதூராகிய செஞ்சியில் இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் குன்றுகள் மூன்றும் வைகறையிற் பனியால் மறைந்து கிடக்கும். காண்போர்க்கு அஃது இன்பமே. எம்மனோர்க்கோ அதுமுதல் மாசி வரையில் தும்மலும், மூக்கில் நீரொழுக்கும், கண்ணரிப்பும் ஓயா. ஊரார் பழியைப் பனியின்மேற் சுமத்துவர்.

இந்நோய் நமக்கே உரியதன்று. இங்கிலாந்து தேசத்து வைத்தியராகிய ஜான் பாஸ்டாக் என்பார், கோடைதோறும் தம்மை வருத்திய இதனை 1819-ஆம் ஆண்டில் விவரித்துரைத்தார். அந்நாட்டவராகிய சார்ல்ஸ் பிளாக்லி என்பார் புல்லின் மகரந்தத்தைத் தம்மீதே சோதித்துக் காரணங்கண்டு, 1873-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். தீங்கற்ற துகளைப் பகையென்று கொண்டு சரீரம் போர் தொடுப்பதே ஒவ்வாமையாம். வழிப்போக்கனை ஒற்றனெனக் கருதிக் கோட்டைக் காவலர் முரசறைதல் போல்வது அது. அப்போது உடலில் வெளிப்படும் ஹிஸ்டமைன் என்னும் பொருளே நீரொழுக்கையும் அரிப்பையும் விளைவிக்கின்றது.

ஒரு பருவம் முழுதும் யான் நாட்குறிப்பு எழுதிவந்தேன். பனி மிகுந்தும் களவேலை இல்லாத நாட்களில் துன்பம் குறைந்திருந்தது. சம்பா நெல் அடித்த நாட்களிலும், பெட்டியிற் கிடந்த போர்வையை உதறிய நாளிலும், பார்த்தீனியம் பூத்த தரிசு வழியே நடந்த நாட்களிலும் மிகுந்தது. ஆதலின் போர்வைகளை வெந்நீரில் தோய்த்து வெயிலில் உலர்த்தினோம். தரையைப் பெருக்காது ஈரத்துணியால் துடைத்தோம். வெளியே சென்று மீண்டதும் முகங்கழுவினேன். வைத்தியர் தந்த மருந்தைப் பருவந் தொடங்குமுன்னரே கைக்கொண்டேன். நோய் முற்றும் நீங்கவில்லை. ஆயினும் படிப்புக்கு இடையூறாகாவண்ணம் தணிந்தது.

என் அன்னையார்க்கோ களத்தை விட்டு விலகுதல் இயலாது. நெல் தூற்றுதலே அவர்தம் பிழைப்பு. தும்மலோடு இளைப்பும் கூடியபோது, இன்ஹேலர் மருந்து பழக்கமாகிவிடுமென அஞ்சி அவர் மறுத்தார். அம்மருந்து சிறிய அளவில் நேரே சுவாசக் குழாய்க்குச் செல்வதென்றும், எவரையும் அடிமைப்படுத்துவதன்றென்றும் வைத்தியர் விளக்கிய பின்னரே இசைந்தார். இப்போது மூக்கையும் வாயையும் துணியாற் போர்த்து, காற்று முதுகிற் படுமாறு நின்று தூற்றுகின்றார். இரவில் அவர் உட்கார்ந்தபடியே விடியலை எதிர்நோக்கும் நிலை மாறிற்று.

மாணவ நண்பர்காள்! தும்மலை ஒருவாறு பொறுத்திருக்கலாம். மூச்சிரைப்பைப் பொறுத்திருத்தல் ஆகாது. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, இளைப்பை மறைத்து உழைக்கும் பெரியோர் உம் இல்லத்தில் உளரோவென நோக்குமின். உளராயின் தாமதியாது வைத்தியரிடம் அழைத்துச் செல்லுமின்.