நுழைவு இலவசம், மைக்கும் இலவசம்... இணையத்தின் பெயர்களுக்காக ஹைதராபாத்தில் கூடிய 7 நாள்கள்!

ஷம்ஷாபாத் விமான நிலையத்திலிருந்து வெளிவட்டச் சாலையைப் பிடித்து மாதாப்பூர் பக்கம் வந்தால், வழியெங்கும் பாறைகள். யாரோ விளையாட்டாக அடுக்கிவிட்டுப் போனதுபோல ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும் கருங்கற்கள். அவற்றுக்கு நடுவே ஐ.டி. நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள். அந்த வட்டாரத்தில்தான் ஹைதராபாத் சர்வதேச மாநாட்டு மையம் இருக்கிறது. 2016 நவம்பர் 3 முதல் 9 வரை, உலகம் முழுவதிலுமிருந்து மூவாயிரத்துக்கும் அதிகமானோர் அங்கே கூடினார்கள். பேச்சு ஒரே விஷயத்தைப் பற்றித்தான்: இணையத்தில் யாருக்கு எந்தப் பெயர்?

கூட்டியது ஐகேன். 1998-ல் தொடங்கப்பட்ட, லாஸ் ஏஞ்சல்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட லாப நோக்கமற்ற அமைப்பு. போனில் ஒரு டாட் காம் முகவரியைத் தட்டினால், மதுரையில் தட்டினாலும் மெக்சிகோவில் தட்டினாலும் ஒரே தளத்துக்குத்தான் போக வேண்டும். அதற்கான பெயர்ப் பட்டியலின் உச்சியைக் குழப்பமில்லாமல் வைத்திருப்பது இவர்கள் வேலை. ஆண்டுக்கு மூன்று முறை, வேறு வேறு நாடுகளில் கூடுவார்கள். 57-வதான இந்தக் கூட்டம் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் நடந்திருக்க வேண்டியது. ஜிகா வைரஸ் பயத்தில் ஹைதராபாத்துக்கு மாறியது. ஒரு கொசு நமக்குச் செய்த உபகாரம் என்று வைத்துக்கொள்ளலாம்!

முதல்முறை போகிறவருக்கு முதல் ஆச்சர்யம் வாசலிலேயே. கட்டணம் கிடையாது. பெயரைப் பதிந்து அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால், மந்திரிகள் பேசும் அரங்குக்கும் போகலாம், பொறியாளர்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் அறைக்கும் போகலாம்.

உள்ளே போனதும்தான் சிக்கல். அங்கே பேசப்படுவது ஆங்கிலம் மாதிரி இருக்கும், ஆனால் பாதி வார்த்தைகள் சுருக்கெழுத்துகள். ஜி.ஏ.சி. என்றால் அரசாங்கங்களின் ஆலோசனைக் குழு. ஜி.என்.எஸ்.ஓ. என்றால் டாட் காம் போன்ற பொதுப் பெயர்களுக்கான கொள்கை வகுப்பவர்கள். சி.சி.என்.எஸ்.ஓ. என்றால் டாட் இன் போல நாடுகளின் பெயர்களை நிர்வகிப்பவர்கள். புதியவர்களுக்கென்றே அறிமுக வகுப்பு நடத்துகிறார்கள். அதைத் தவறவிட்டவர், கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டாரா, பெண் வீட்டாரா என்று தெரியாமல் பந்தியில் உட்கார்ந்தவர் கதிதான். ஐ.நா.வின் ஆறு மொழிகளில் மொழிபெயர்ப்பு ஹெட்போனில் வருகிறது. சுருக்கெழுத்தை மொழிபெயர்க்கத்தான் ஆள் இல்லை.

ஆனால், அந்தச் சுருக்கெழுத்துகளுக்குப் பின்னால் பெரிய சண்டைகள் இருக்கின்றன. 'டாட் அமேசான்' யாருக்கு? ஆன்லைன் கடைக்கா, அந்த நதிக்கரை நாடுகளுக்கா? பிரேசிலும் பெருவும் எதிர்த்தன. கம்பெனியோ, 'விண்ணப்பித்தோம், பணமும் கட்டினோம்' என்றது. 2012-ல் அப்படி ஒரு புதிய பெயருக்கு விண்ணப்பிக்கவே கட்டணம் 1,85,000 டாலர். அதையும் கட்டி வந்த விண்ணப்பங்கள் 1,930! அமேசான் வழக்கு ஹைதராபாத் கூட்டத்தின்போதும் முடிந்தபாடில்லை. 2019-ல்தான் கம்பெனிக்குப் பச்சைக்கொடி காட்டப்பட்டது.

இதையெல்லாம் பேசும் இடங்களில் முக்கியமானது, பொது அரங்கம் எனும் அமர்வு. இயக்குநர் குழு மேடையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அப்போது தலைவர் ஸ்டீவ் கிராக்கர். 1969-ல் மாணவராக இருந்தபோது, இணையத்தின் முன்னோடி வலையமைப்புக்கான முதல் குறிப்பை எழுதியவர். அவர் எதிரே மைக். யார் வேண்டுமானாலும் வரிசையில் நிற்கலாம். பெயரையும், யார் சார்பில் பேசுகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். நேரம் முடிந்தால் பேச்சு நிறுத்தப்படும், அவ்வளவுதான். இந்த மைக்குக்கு அந்த முறை கூடுதல் கனம் இருந்தது. பெயர்ப் பட்டியலின் உச்சியை மேற்பார்வையிடும் உரிமையை அமெரிக்க அரசு 2016 அக்டோபர் 1 அன்றுதான் விட்டுக்கொடுத்திருந்தது. அதற்குப் பிறகு நடந்த முதல் கூட்டம் இதுதான். தவறு நடந்தால் தட்டிக்கேட்க இனி வாஷிங்டன் இல்லை, வரிசையில் நிற்பவர்கள்தான்.

தமிழர்களுக்கும் இதில் பங்கு உண்டு. டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் ஆகிய மூன்றும் தமிழ் எழுத்திலேயே இருக்கின்றன. ஆனால், தமிழில் பெயர் வைப்பதில் ஆபத்தும் இருக்கிறது. 'ஔ' என்ற ஒரே எழுத்தையும், 'ஒ', 'ள' என்று இரண்டாகத் தட்டியதையும் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கணினிக்கு அவை வேறு வேறு. வங்கியின் பெயரில் இப்படி ஓர் எழுத்தை மாற்றிப் போலித் தளம் திறந்தால், பாஸ்வேர்டைக் கொடுக்கப்போவது நம் வீட்டுப் பெரியவர்கள். எதையெல்லாம் ஒன்றாகக் கருதித் தடுக்க வேண்டும் என்று முடிவெடுக்க, தமிழ், தெலுங்கு, மலையாளம் உட்பட ஒன்பது எழுத்துமுறைகளுக்கான நிபுணர் குழு அப்போது வேலை செய்துகொண்டிருந்தது. தமிழுக்கான விதிகள் 2019-ல் தயாராயின. முகவரி கிடைத்தாலும், தமிழ் முகவரியை ஏற்காமல் 'தவறு' என்று சிவப்பில் காட்டும் படிவங்கள் இன்னமும் ஏராளம்.

கூட்டம் முடிய ஒருநாள் இருக்கும்போது, நவம்பர் 8 இரவு, பிரதமர் மோடி டி.வி.யில் தோன்றினார். நள்ளிரவு முதல் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது. நாட்டில் புழங்கிய பணத்தின் மதிப்பில் 86 சதவிகிதம் அந்த நோட்டுகள்தான். டாலரை மாற்றிக்கொண்டு பிரியாணிக்கும் இரானி சாயாவுக்கும் சார்மினார் கடைகளுக்கும் ஆசைப்பட்டு வந்த வெளிநாட்டினரின் பர்ஸிலும் அவையே இருந்தன. எல்லோரும் ஒப்புக்கொள்ளும் வரைதான் ஒரு பெயருக்கு மதிப்பு என்று ஆறு நாளாகப் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு, நோட்டை வைத்து ஒரு செய்முறை விளக்கம்!

மறுநாள் இந்திய நேரப்படி மதியம், அமெரிக்கத் தேர்தல் முடிவும் வந்தது. வென்ற ட்ரம்ப்பின் பிரசாரக் குழு, அந்த அக்டோபர் 1 கைமாற்றத்தை வெளிப்படையாக எதிர்த்திருந்தது. கைவிட்ட உரிமையை அமெரிக்கா திரும்பக் கேட்குமா என்ற கேள்வி எழுந்தது. அது நடக்கவில்லை.

9-ம் தேதி வங்கிகள் மூடியிருந்தன, ஏ.டி.எம்.களும்தான். சாயாக்கடையில் கார்டு செல்லாது. ஊர் திரும்பும் வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஒரே வழி விமான நிலையம். அங்கே ஒருவர் 5,000 ரூபாய் வரை பழைய நோட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று பிரதமரின் அறிவிப்பிலேயே இருந்தது. அதற்கு மேல் வைத்திருந்தவர்கள், செல்லாத நோட்டையே ஹைதராபாத் நினைவுப் பரிசாகக் கொண்டுபோக வேண்டியதுதான்.