லேக் வியூ ரோட்டுல ஏரி எங்க?

இன்னைக்கு நகரப் புவியியல் வகுப்பை சென்னை மேற்கு மாம்பலத்துல, தெருவுலயே வச்சேன்.

லேக் வியூ ரோடு பலகையைப் பார்த்து ஒரு பொண்ணு கேட்டா:
"சார், லேக் எங்க?"

பழைய வரைபடத்தை விரிச்சேன்.
நுங்கம்பாக்கம் ஏரி, மயிலாப்பூர் ஏரி. ரெண்டும் சேர்ந்து 'லாங் டேங்க்'. நீளமா, நீலமா.

1920-கள்ல மயிலாப்பூர் ஏரியைத் தூர்த்துதான் தி.நகர் வந்துச்சு.
நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்துல 1976-ல வள்ளுவர் கோட்டம் திறந்தாங்க.

ஒரு பையன் அந்த நீலத்துல விரலை வச்சு அப்படியே நின்னுட்டான். அவங்க வீடு அதுக்குள்ளதான் இருக்கு.

"அதான் 2015 வெள்ளத்துல தண்ணி வீட்டுக்குள்ள வந்துச்சா சார்?"

ஏரி ஊரா மாறுனதுக்கு பாடத்துல 'நிலப்பயன்பாட்டு மாற்றம்'னு ரெண்டே வார்த்தை. அவன் முகத்தைப் பார்த்துட்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரல.

உங்க தெரு வர்றதுக்கு முன்னாடி அங்க என்ன இருந்துச்சு?