எட்டிலிருந்து வந்த நால்வர்

லிவர்பூல் என்றதும் எல்லோரும் பீட்டில்ஸைத்தான் சொல்வார்கள். வாஸ்தவம்தான். அவர்கள் பாடிய இடம், வளர்ந்த வீடு என்று சுற்றிக் காட்டத் தனி பஸ்ஸே ஓடுகிறது அங்கே. ஆனால் அதே ஊரில் பிறந்த இன்னொரு பாட்டுக் கோஷ்டியும் ஒரு சமயம் இங்கிலாந்து முழுவதையும் முணுமுணுக்க வைத்திருக்கிறது. ‘தி ரியல் திங்’ என்று பெயர். நம் பாஷையில் ‘அசல் சரக்கு’ என்று வைத்துக்கொள்ளுங்களேன். அவர்கள் பிறந்த பேட்டையைக் கால்நடையாகவே சுற்றிப் பார்க்கும் சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்தது.

என் தங்கை லிவர்பூலில் நர்ஸாக இருக்கிறாள். போன வருஷம் அவளுக்கு வயிற்றில் ஒரு பெரிய ஆபரேஷன் ஆயிற்று. ஒத்தாசைக்கு இரண்டு மாதம் போய் இருந்தேன். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்ட வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. முதல் வாரம் தெரு முனை வரை. அடுத்த வாரம் பூங்கா வரை. ஐந்தாவது வாரம் அவளே, “அக்கா, இன்னிக்கு ஒரு புது இடத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன். நடுநடுவுல உட்கார்ந்து போகலாம், வா” என்றாள். பிளாஸ்கில் காபியை ஊற்றிக்கொண்டு கிளம்பினோம்.

வழியில் செந்நிறக் கல்லில் மலை மாதிரி எழும்பி நிற்கிறது ஆங்கிலிக்கன் தேவாலயம். 1904-ல் அஸ்திவாரக் கல் நாட்டி, 1978-ல்தான் கட்டி முடித்தார்களாம். 74 வருஷம்! அதைத் தாண்டினால் அப்பர் பார்லிமெண்ட் தெரு. அந்தக் காலத்துப் பெரிய வியாபாரிகள் வாழ்ந்த உயரமான வீடுகள் அந்தப் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. பார்க்க அழகுதான். ஆனால் ஆப்பிரிக்க ஜனங்களைப் பிடித்துக் கப்பலில் ஏற்றி விற்ற வியாபாரத்தில், 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவிலேயே முன்னால் நின்ற துறைமுகம் இந்த லிவர்பூல்தான். அந்த வியாபாரத்தை 1807-ல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். பின்னாளில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல் வேலைக்கு வந்த மாலுமிகள் பலர் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டார்கள். அப்படிப்பட்ட குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற இடம் டாக்ஸ்டெத்.

தபால்காரர் கணக்கில் அது ‘லிவர்பூல் 8’. சென்னை-4 என்றால் மயிலாப்பூர், சென்னை-17 என்றால் தியாகராய நகர் என்று நாம் சொல்வதில்லையா, அது மாதிரி. “ஆனா ஒண்ணு அக்கா, அந்தக் காலத்துல வேலைக்கு மனுப் போடறப்ப விலாசத்துல எட்டுன்னு இருந்தாலே ஓரமா வச்சிடுவாங்களாம்” என்றாள் தங்கை.

அந்த எட்டில் 1970-ல் சில பையன்கள் சேர்ந்து ஆரம்பித்த கோஷ்டிதான் ரியல் திங். அமெரிக்கக் கறுப்பின ஜனங்கள் தேவாலயத்தில் பாடிப் பாடி வளர்த்த குரல் வளம், பிறகு காதல் பாட்டிலும் வந்து கலந்தது. அதை ‘சோல்’ இசை என்பார்கள். ‘சோல்’ என்றால் ஆத்மா. நம்மவர் ‘உருகிப் பாடினார்’ என்பார்களே, அந்தச் சங்கதிதான். கிறிஸ் அமூ, டேவ் ஸ்மித், ரே லேக் இவர்களோடு, கிறிஸ்ஸின் அண்ணன் எட்டி அமூவும் பிற்பாடு வந்து சேர்ந்தார். எட்டி ஒன்றும் புதுசு இல்லை. ‘தி சான்ட்ஸ்’ என்ற கோஷ்டியில் பல வருஷம் பாடியவர். 1962-ல் கேவர்ன் கிளப்பில் சான்ட்ஸ் பாட, பின்னால் நின்று வாத்தியம் வாசித்தவர்கள் யார் தெரியுமோ? சாட்சாத் பீட்டில்ஸ்! அவர்கள் உலகப் புகழ் பெற்றார்கள். எட்டிக்கு இன்னும் 14 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

1976 ஜூன் மாதம் அந்த நாள் வந்தது. ‘யூ டு மீ ஆர் எவ்ரிதிங்’ என்ற காதல் பாட்டு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதல் இடத்துக்கு ஏறி, மூன்று வாரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. அந்தச் சமயம் பார்த்து இங்கிலாந்தில் என்றும் இல்லாத வெயில். தொடர்ந்து 15 நாள் எங்காவது ஒரு இடத்தில் 32 டிகிரியைத் தாண்டியதாம். (நம் ஊரில் அதை வெயில் என்றே சொல்ல மாட்டோம்!) ஜன்னலை எல்லாம் திறந்து போட்டிருக்க, எந்த வீட்டைத் தாண்டினாலும் அதே பாட்டு கேட்டதாகப் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அந்த வருஷமே அடுத்த பாட்டு ஒன்று இரண்டாம் இடம் வரை போயிற்று.

இதற்கு மேல்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. பேரும் பணமும் வந்ததும் அண்ணனும் தம்பியும் என்ன செய்தார்கள் என்கிறீர்கள்? தங்கள் தெருவைப் பற்றிப் பாட்டு எழுதினார்கள். 1977-ல் வந்த அந்த இசைத்தட்டுக்குப் பெயரே ‘ஃபோர் ஃப்ரம் எய்ட்’. எட்டிலிருந்து வந்த நால்வர்! எந்த எண்ணைக் கண்டு மற்றவர்கள் முகம் சுளித்தார்களோ, அதையே அட்டையில் அச்சடித்துவிட்டார்கள். அதில் ‘சில்ட்ரன் ஆஃப் தி கெட்டோ’ என்று ஒரு பாட்டு. கெட்டோ என்றால், ஒரு ஜனத்தை ஒதுக்கி வைத்த குடியிருப்பு. அங்கே வளர்கிற குழந்தைகளைப் பற்றிய பாட்டு அது. தங்கை கைபேசியில் போட்டுக் காட்டினாள். இரைச்சல் இல்லை, கோபமான கூச்சல் இல்லை. மெதுவாக, துக்கம் விசாரிக்கிற மாதிரி இருக்கிறது.

காதல் பாட்டை வாங்கிக் குவித்த ஜனங்கள் இந்த இசைத்தட்டை அவ்வளவாகச் சீந்தவில்லை. 1979-ல் கோஷ்டி மறுபடி ஒரு நடனப் பாட்டுப் பாடியது. அது ஐந்தாம் இடம் வரை போனது.

1981 ஜூலையில் டாக்ஸ்டெத் பற்றி எரிந்தது. வேலை இல்லை, தெருவில் நடந்தால் போலீஸ் நிறுத்திச் சோதனை போடும். பல வருஷமாக அடக்கி வைத்தது ஒரு கைது விவகாரத்தில் வெடித்துவிட்டது. பிரிட்டன் மண்ணில் முதன்முதலாகக் கூட்டத்தின் மேல் கண்ணீர்ப்புகை வீசியது அப்போதுதான். அப்பர் பார்லிமெண்ட் தெரு முனையில் ‘ரியால்டோ’ என்று ஒரு பழைய கட்டடம். ஜனங்கள் சினிமா பார்த்த இடம், ஜோடி ஜோடியாக நடனம் ஆடிய இடம். அதுவும் சாம்பலாயிற்று. இப்போது அங்கே வேறு கட்டடம். எதிரே ஒரு திட்டில் உட்கார்ந்து காபி குடித்தோம். நாலு வருஷம் முன்னாலேயே அந்தப் பிள்ளைகள் பாடிச் சொன்னார்களே, ஒருவராவது காது கொடுத்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கிரான்பி தெரு. ஒரு காலத்தில் வரிசையாகக் கடைகள், ஜே ஜே என்று கூட்டம். கலவரத்துக்குப் பிறகு ஜனங்களைக் காலி செய்ய வைத்து, வீடுகளின் ஜன்னலுக்குப் பலகை அடித்து, தெருத்தெருவாக இடித்தார்கள். கடைசியில் மிஞ்சியது நாலே தெரு. இங்கேயும் ஒரு நாலு!

அந்த நாலு தெருவையும் காப்பாற்றியதில் முன்னால் நின்றவர்கள் நம்மைப் போன்ற பெண்மணிகள் சிலர். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு இறங்கினார்களாம். குப்பையைக் கூட்டினார்கள், பூட்டிய வீடுகளின் பலகைகளுக்கு வர்ணம் அடித்தார்கள், காலி வாசல்களில் பூந்தொட்டி வைத்தார்கள், மாதம் ஒரு சனிக்கிழமை தெருவிலேயே சந்தை போட்டார்கள். 2011-ல் ஊராரே சேர்ந்து ஒரு நில டிரஸ்ட் ஆரம்பித்து, பத்து வீடுகளைப் புதுப்பித்தார்கள். ‘அசெம்பிள்’ என்ற இளம் கட்டடக் கலைஞர்கள் கூட வந்து நின்றார்கள். இடிந்த செங்கல், ஓட்டுத் துண்டுகளைத் தூளாக்கிக் கலந்து வார்த்துக் கணப்பு மாடம் செய்தார்கள் என்றால் பாருங்களேன்! 2015-ல் இந்த வேலைக்காக அந்தக் கலைஞர்களுக்கு, பெரிய ஓவியர்களும் சிற்பிகளும் ஏங்குகிற டர்னர் பரிசே கிடைத்தது.

கெய்ன்ஸ் தெருவில் சந்தை நாளாகப் பார்த்துத்தான் தங்கை அழைத்துப் போயிருந்தாள். எழுபது வயதிருக்கும் ஒரு கறுப்பினப் பாட்டியம்மாள் வீட்டில் செய்த கேக் விற்றுக்கொண்டிருந்தார். ரியல் திங் பற்றிக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. “அந்தக் காதல் பாட்டு எல்லாருக்கும் சொந்தம் அம்மா. அந்தப் பிள்ளைங்க பாட்டு எங்களுக்குச் சொந்தம்” என்றார். தங்கை மொழிபெயர்த்தபோது அவள் குரலே கொஞ்சம் தழுதழுத்தது.

பாட்டும் அங்கேயே நின்றுவிடவில்லை. அமெரிக்காவின் பிலிப் பெய்லி 1984-ல் அதைப் பாடினார். 1986-ல் பழைய காதல் பாட்டைப் புது மெருகோடு வெளியிட, அது மீண்டும் ஐந்தாம் இடம் பிடித்தது. 1987-ல் கிறிஸ் அமூவின் ஆப்கன் ஹவுண்ட் நாய், குரஃப்ட்ஸ் கண்காட்சியில் நாட்டிலேயே சிறந்த நாய் என்று பரிசு வாங்கியது! அண்ணன் எட்டி 2018 பிப்ரவரியில் காலமானார். அதற்குப் பிறகும் கிறிஸ்ஸும் டேவும் மேடை ஏறினார்கள்.

லண்டன் யூஸ்டன் ஸ்டேஷனிலிருந்து லிவர்பூலுக்கு ரயிலில் இரண்டே கால் மணி நேரம்தான். அங்கிருந்து கிரான்பிக்கு நடந்தே போய்விடலாம். இரண்டு பாழ் வீடுகளை ஒன்றாக்கி, உள்ளேயே மரம் செடி வளர்த்து, 2019-ல் ஒரு குளிர்காலத் தோட்டம் திறந்திருக்கிறார்கள். என்றைக்குத் திறந்திருக்கும் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். சந்தை நாளாக அமைந்தால் ஒரு துணிப்பை கொண்டு போங்கள். நாங்கள் வெறும் கையோடு போய், இரண்டு பூந்தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினோம்.