கொழுந்தும் கோப்பும்

கொழுந்து மலையில் ஒருமுறை நிறுக்கப்படுகிறது. தொழிற்சாலையில் மறுமுறை நிறுக்கப்படுகிறது. இரு நிறைகளும் ஒவ்வாவிடின் வழியில் ஏதோ நேர்ந்ததெனக் கணக்கப்பிள்ளை அறிவார். தொலைபேசிக் கம்பி வழியே கணனிக் கோப்புகளை இறக்கிய தொடக்ககாலத்தவரும் இவ்வுபாயத்தையே கைக்கொண்டனர். 1977இல் வார்ட் கிறிஸ்டென்சன் வகுத்த எக்ஸ்மோடெம் முறை, கோப்பினை 128 பைட்டுகள் கொண்ட பொதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் ஈற்றிலும் அதன் கூட்டுத்தொகையைச் சேர்த்து அனுப்பியது. பெறும் கணனி தானும் கூட்டிப் பார்க்கும். தொகை பிசகினால் அப்பொதியை மீண்டும் கேட்கும். ஆயினும் இரு பைட்டுகள் இடம் மாறினும் கூட்டுத்தொகை மாறாதன்றோ? அக்குறை நோக்கியே, வரிசையையும் கணக்கிலெடுக்கும் கடுமையான சோதனை பின்னர் வந்து சேர்ந்தது.

மின்னஞ்சலின் இடர் வேறு. அது ஏழு பிட்டுகளில் அடங்கும் 128 குறிகளை மட்டுமே பழுதின்றிச் சுமந்தது. படமோ செயலியோ எட்டு பிட்டுகளாலானது. 1980இல் மேரி ஆன் ஹோர்ட்டன் ஆக்கிய யூயூஎன்கோட் முறையில், மூன்று பைட்டுகள் நான்கு சாதாரண குறிகளாக மாறிப் பயணஞ்செய்தன. அம்முறை வெற்றிடத்தையும் ஒரு குறியாகக் கொண்டது. வரியிறுதி வெற்றிடங்களை வீணெனக் கருதிய சில அஞ்சற் கணனிகள் அவற்றை வெட்டியெறிந்தன. மறுமுனையில் கோப்பு அவிழ மறுத்தது.

இலங்கைத் தமிழருக்கு இவ்விடர் பாமினி எழுத்துருவின் வடிவில் வந்தது. ஆங்கில விசைகளின் குறியெண்கள் மீதே அது தமிழ் வடிவங்களை ஏற்றியது. 'தமிழ்' என்பது கோப்பினுள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றே கிடக்கும். 'நுவரெலியா'வின் முதலெழுத்து ஆங்கிலப் பெரிய 'ஈ'. யாரேனும் அதனைச் சிறிய எழுத்தாக்கினால் ஊர் 'நவரெலியா' ஆகிவிடும். அன்றியும், 'ரெ'யின் கொம்பு பாமினியில் ரகரத்துக்கு முன்னே நிற்கும். 1991இல் வெளிவந்த யுனிகோட் ஒழுங்கிலோ பின்னே நிற்கும். மாற்றும் செயலி இதனை அறியாவிடின் கொம்பு வகரத்தின்மேல் ஏறி, ஊர் 'நுவெரலியா' எனப் பிறழும். இப்பிழையை எந்தக் கூட்டுத்தொகையும் காட்டிக்கொடாது. பைட்டுகள் அனைத்தும் செவ்வனே வந்து சேர்ந்தனவே! தமிழ் படிப்பவர் கண்தான் அதனைக் காணவேண்டும்.

மலையகத்தில் ஓர் எழுத்துப் பிழை சிறு செய்தியன்று. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின், தாம் இம்மண்ணினர் என்பதை ஆவணங்காட்டி நிறுவவேண்டிய நிலை தோட்டத் தொழிலாளர்க்கு நேர்ந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மக்களைத் தொகைகளாகப் பங்கிட்டது. பெயரொன்று ஏட்டுக்கு ஏடு திரிவதன் விலையை அறிந்த சமூகம் இது. ஆகவே, பழைய நெகிழ்வட்டுகளில் பாமினியில் உறங்கும் சங்கப் பிரசுரங்களையும் தோட்டப் பாடல்களையும் யுனிகோட்டுக்கு மாற்றுவோர், செயலி தந்ததை அப்படியே ஏற்றல் தகாது. ஆட்பெயரையும் ஊர்ப்பெயரையும் அச்சுப் பிரதியோடு முதலில் ஒப்புநோக்குதல் வேண்டும். மூலக் கோப்பினையும் மாற்றாது வேறோரிடத்தில் பிரதிசெய்து வைத்தல் வேண்டும். நெகிழ்வட்டின் காந்தப்பூச்சு மலைநாட்டு ஈரத்தில் நெடுங்காலம் நிலைப்பதில்லை.