ஆமிக்காரரை ஆர் விசாரிக்கிறது?

எங்கட பக்கத்தில 'எம்.பி.' எண்டால் ரெண்டு பேர். ஒருத்தர் பாராளுமன்ற உறுப்பினர். மற்றவர் கையில 'எம்.பி.' எண்டு பட்டி கட்டின இராணுவப் பொலிஸ். அவரின்ர முதல் வேலை எங்களைப் பிடிக்கிறது இல்லை, தங்கட ஆமிக்காரரைப் பிடிக்கிறது. அந்த வேலை உண்மையில் எப்படி நடக்கும் என்று தேடி வாசிக்கப்போய், அமெரிக்கப் படைகளின் கதைக்குள் போய்விட்டேன்.

அங்கே ஒவ்வொரு படையும் தான் காக்கிற பொருளுக்கு ஏற்ற பொலிசை வைத்திருக்கிறது. தரைப்படையின் இராணுவப் பொலிஸ் 1941 இல் நிரந்தரப் பிரிவானது. முகாமுக்குள் களவு, அடிபிடி பார்ப்பது ஒரு பக்கம். போர்க்களத்தில் வாகனங்களுக்கு வழி ஒழுங்கு செய்வதும் கைதிகளைக் காப்பதும் மறுபக்கம். கடற்படையில் 'மாஸ்டர்-அட்-ஆர்ம்ஸ்' என்பவர் கப்பலுக்குள்ளேயே பொலிஸ்காரர். கப்பல் துறைமுகத்துக்கு வந்தால், கரையில் இறங்கிக் குடிச்சிட்டுக் குழப்படி செய்யிற மாலுமிகளைக் கூட்டிவர ரோந்து போவார்கள். விமானப்படையில் நீலத் தொப்பிக்காரர். அவர்களுக்குக் காவல்தான் பெரிய வேலை: ஓடுபாதை, விமானம், அணு ஆயுதம்.

கொலை, வன்புணர்வு மாதிரிப் பாரிய குற்றம் என்றால் இவர்கள் இல்லை, தனி விசாரணைப் பிரிவுகள் வரும். அதில்தான் விஷயமே இருக்கு. விசாரிக்கிறவர் ஆருக்குப் பதில் சொல்லவேணும்?

1991 இல் லாஸ் வேகாசில் நடந்த 'டெயில்ஹூக்' ஒன்றுகூடலில் கடற்படை விமானிகள் பல பெண்கள்மீது பாலியல் வன்முறை செய்தார்கள். கடற்படையின் சொந்த விசாரணை சொதப்பியது. அதற்குப் பிறகு, 1992 இல், அந்த விசாரணைப் பிரிவுக்குச் சிவிலியன் ஒருவர் தலைவரானார். தரைப்படை அதைச் செய்ய 2021 வரை எடுத்தது. அதற்கும் ஒரு பெண் சாகவேண்டி இருந்தது. 2020 இல் ஃபோர்ட் ஹூட் முகாமில் வனெசா கியென் என்ற 20 வயதுச் சிப்பாயை இன்னொரு சிப்பாய் கொன்றார். உடலைக் கண்டுபிடிக்க ரெண்டு மாதத்துக்கு மேல் போனது. அங்கே இருந்த விசாரணையாளர்கள் போதாது, அவர்களுக்கு அனுபவமும் இல்லை என்று சுயாதீனக் குழு எழுதியது.

இதை வாசிக்கேக்க எனக்குச் செம்மணி ஞாபகம் வந்தது. 1996 இல் அங்கே சோதனைச்சாவடியில் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்ட மாணவி கிருசாந்தியின் வழக்கில், 1998 இல் ஆமிக்காரருக்குத் தண்டனை கொடுத்தது இராணுவ நீதிமன்றம் இல்லை, கொழும்பு மேல் நீதிமன்றம்.

தொப்பியின்ர நிறம் படைக்குப் படை மாறலாம். தன்ர ஆக்களைத் தானே விசாரிக்கிற இடத்தில, வெளியில இருந்து ஒரு கண் கட்டாயம் வேணும். அமெரிக்காவுக்கும் அதுதான், எங்களுக்கும் அதுதான்.