விடிய விடிய ஒரு வகுப்பு

பங்குனி கழிந்து சித்திரை பிறந்தால் திருவண்ணாமலை வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோவில்களில் அக்னி வசந்த விழா களைகட்டிவிடும். பகலெல்லாம் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து. காப்புக் கட்டிய ஊர், பாரதம் முடிகிறவரை வேறு கதை பேசாது. சில ஆண்டுகளாக அந்தக் களத்தின் ஓரத்தில் புதிதாக ஒரு கூட்டமும் வந்து உட்கார்கிறது. தோளில் காமிராப் பை, கையில் ட்ரைபாட், கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை என்று வரும் விஸ்காம் பிள்ளைகள் அவர்கள். செமஸ்டர் ப்ராஜெக்டுக்காக வருகிறார்கள். வேஷம் கட்டும் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்ததும் கலைஞர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, “எத்தனை மணி வரைக்கும் இருப்பீங்க தம்பி?” என்பதைத்தான்.

அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை வைத்தே பாதி மதிப்பெண் போட்டுவிடலாம். பன்னிரண்டு மணிக்குக் கிளம்புகிற பிள்ளை கூத்துக் கோமாளியான கட்டியங்காரனின் சிரிப்பையும் ஒன்றிரண்டு திரைப் பிரவேசங்களையும் எடுத்துக்கொண்டு போகும். விடியும்வரை இருப்பவருக்குத்தான் கதை கிடைக்கும்.

கலை இதழியலையும் பல்லூடகப் படைப்பையும் ஒரே தாளில் சேர்த்துக் கற்பிக்கும் பாடங்கள் உலகில் பல இடங்களில் வந்துவிட்டன. அமெரிக்காவின் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் கலை இதழியலுக்கென்றே முதுகலைப் படிப்பு ஒன்று 2005-இல் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கும் இதழியல் கல்வி புதிதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இதழியல் துறைக்கு வயது இந்தியச் சுதந்திரத்தின் வயதேதான். 1947-இல் பிறந்தது அது. சென்னையின் ஆசிய இதழியல் கல்லூரி, வறுமையையும் ஒடுக்குமுறையையும் பற்றி எழுதுவதைக் கட்டாயப் பாடமாகவே வைத்து மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்புகிறது. இவற்றுக்கு அப்பால், விஸ்காம் என்று எல்லோரும் சொல்லும் காட்சித் தொடர்பியல் பட்டப்படிப்பு இன்று மாவட்டம்தோறும் உண்டு. அதில் சேருகிற பிள்ளைகளில் பலருக்கும் மனசெல்லாம் கோடம்பாக்கம். அந்தக் கனவில் தவறில்லை. ஆனால் எடுக்கக் கற்றுக்கொண்ட அளவுக்கு எழுதக் கற்றுக்கொள்ளாமலே அவர்கள் வெளியே வருகிறார்கள். எழுதக் கற்ற தமிழ் இலக்கிய மாணவரோ காமிராவைத் தொடுவதே இல்லை. இரண்டு வகுப்புகளுக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருக்கிறது. அதை இடிக்க வேண்டிய இடம் திருவண்ணாமலை போன்ற ஊர்தான்.

இப்படிச் சொல்ல இந்த மண்ணிலேயே ஆதாரம் இருக்கிறது. செங்கம் பகுதியில் எடத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே கிடைத்த நடுகல் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. வீரனின் உருவத்தோடு கூடவே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் எழுத்திலே வெட்டி வைத்திருக்கிறார்கள். யார், எப்போது, எதற்காக, எப்படி என்று ஒரு செய்தியாளர் கேட்க வேண்டிய அத்தனைக்கும் அந்தக் கல்லில் விடை உண்டு. படத்தைப் பார்த்தால் நாய் நிற்பது தெரியும். அதன் பெயரை எழுத்துதான் சொல்லும். எழுத்தை மட்டும் படித்தால் நாயின் நிமிர்வு தெரியாது. பல்லூடகம் என்றால் என்ன என்று முதல் வகுப்பில் விளக்க வேண்டிய ஆசிரியர், மாணவர்களைப் பேருந்தில் ஏற்றிச் செங்கம் பக்கம் கூட்டிப்போவது உத்தமம். இரா. நாகசாமியின் முயற்சியில் தமிழ்நாடு தொல்லியல் துறை ‘செங்கம் நடுகற்கள்’ என்ற தொகுப்பை 1972-இல் வெளியிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கல்லைப் பார்ப்பது தனி அனுபவம்.

அதே செங்கம்தான் சங்க இலக்கியத்தின் செங்கண்மா. பத்துப்பாட்டில் மலைபடுகடாம் அந்த ஊர்ச் சிற்றரசன் நன்னனைப் பாடியது. 583 அடிகளில் பெருங்கௌசிகனார் செய்திருக்கும் வேலையை இன்றைய பேச்சில் சொன்னால், கலைஞர்களுக்கான வழிகாட்டி. பரிசு பெற்று வரும் கூத்தர், எதிரே வரும் கூத்தருக்கு வழி சொல்கிறார்: எந்த வழியாகப் போகலாம், எங்கே பன்றிப் பொறி இருக்கும், எந்தக் குடியில் என்ன சோறு கிடைக்கும். அவர்கள் தோளில் சுமந்துபோகும் இசைக்கருவிகளின் பட்டியலும் ஓசைக் குறிப்போடு வருகிறது. மலையில் எழும் ஒலிகளுக்கென்று ஒரு நீண்ட பகுதியே இருக்கிறது. ஒலிப்பதிவு கற்கும் மாணவருக்கு இதைவிட நல்ல பயிற்சித்தாள் கிடைக்குமா என்பது சந்தேகம். கலைஞர் எப்படிப் பிழைக்கிறார், வழியில் யார் சோறு போடுகிறார் என்று கேட்பதும் கலைச்செய்திதான் என்பதை இந்த வட்டாரம் அப்போதே அறிந்திருந்தது.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தாலும் திருவண்ணாமலை கைவிடவில்லை. 1949 மே 30 தேதியிட்ட லைஃப் இதழில் ரமண மகரிஷியைப் பற்றிய கட்டுரை ஒன்று வந்தது. எழுதியவர் வின்த்ராப் சார்ஜென்ட். நியூயார்க் பில்ஹார்மானிக் இசைக்குழுவில் வயலின் வாசித்துவிட்டு இசை விமர்சகராக ஆனவர். பின்னாளில் பகவத் கீதையைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கி வெளியிட்டவரும் அவர்தான். படம் எடுத்தவர் எலியட் எலிசோஃபான். எழுத ஒருவர், எடுக்க ஒருவர் என்று இரண்டு பேரை அனுப்பக்கூடிய வசதி அன்றைய பத்திரிகைக்கு இருந்தது. மறு ஆண்டு ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் வந்தார். மகரிஷியின் கடைசி நாட்களைப் படமெடுத்தார். 1950 ஏப்ரல் 14 இரவு வானத்தில் ஒளி ஒன்று மலையுச்சி நோக்கி நகர்ந்ததைப் பார்த்ததாகவும், உடனே கடிகாரத்தைப் பார்த்தபோது மணி 8:47 என்றும், ஆசிரமத்துக்கு ஓடியபோது மகரிஷி அந்த நிமிடத்தில்தான் மறைந்திருந்தார் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். அந்த ஒளிக்குப் படம் இல்லை. இருப்பது அவருடைய வாக்குமூலமும், அவர் கவனித்த நேரமும்தான். படம் பிடிக்க முடியாததை நேரத்தோடு சொல்லி வைத்தது இன்றும் எவ்வளவு பயன்படுகிறது பாருங்கள். உலகின் மிகப் பெரிய புகைப்படக்காரர்களில் ஒருவர் கையில் காமிரா இருந்தும் வார்த்தையைத்தான் நாட வேண்டியிருந்தது.

இன்றைய மாணவருக்குத் துணையாக இன்னொருவரை அனுப்பும் பத்திரிகை இல்லை. ஒரே ஃபோனில் அவரே எடுக்க வேண்டும், அவரே ஒலி பதிய வேண்டும், அவரே எழுதி, வெட்டி, ஒட்டி முடிக்க வேண்டும். அதனால்தான் இந்த இரண்டு பாடமும் ஒன்றாக வேண்டியிருக்கிறது.

திரும்பக் கூத்துக் களத்துக்கு வருவோம். மாவட்டத்தின் கிழக்கே, செய்யாறு பக்கத்தில் புரிசை. கண்ணப்பத் தம்பிரானின் ஊர். நாடகாசிரியர் ந. முத்துசாமி அவருடைய கூத்தைப் பார்த்து, அதைப் பற்றி எழுதி, தமிழ் நவீன நாடகத்தின் போக்கையே திருப்பினார். 1977-இல் கூத்துப்பட்டறை பிறந்ததில் அந்தப் பார்வைக்குப் பெரிய பங்கு உண்டு. முத்துசாமியின் கூத்துக் கட்டுரைகள் ‘அன்று பூட்டிய வண்டி’ என்ற நூலாக வந்தன. கலை இதழியல் என்ற பெயரே புழங்காத காலத்தில், தமிழில் அதன் உச்சமான எடுத்துக்காட்டு அது. ஒரு கலைஞர் அடி எடுத்து வைப்பதைப் பார்த்து, அது ஏன் அப்படி இருக்கிறது என்று யோசித்து எழுதுவது எளிதில்லை. புரிசைக்காரர்களும் பாரதக் கதையோடு நின்றுவிடவில்லை. காப்ரியேல் கார்சியா மார்க்கேஸின் சிறகு முளைத்த கிழவர் கதையையே கூத்தாக ஆடிக் காட்டியவர்கள்.

கொட்டகைக்குள் ஒரு மாணவர் பொறுமையாக உட்கார்ந்தால் அவருக்குக் கிடைப்பது என்ன? அரிதாரம் குழைப்பது முதல் பாடம். முகத்தில் நிறம் ஏற ஏற வேஷக்காரரின் பேச்சு குறைந்துகொண்டே வருவது கண்ணுக்குத் தெரியும். கிரீடம், மார்ப்பதக்கம், புஜக்கட்டை எல்லாம் எடை குறைவான மரத்தில் செதுக்கி, வண்ணத் தாளும் கண்ணாடிச் சில்லும் ஒட்டியவை. விளக்கு வெளிச்சம் அந்தச் சில்லில் பட்டுத் தெறிக்கும்போது ஃபோன் காமிரா தடுமாறி முகத்தை இருட்டாக்கிவிடும். முகவீணை என்ற ஊதுகருவி அளவில் சிறியது; சத்தமோ கூர்மை. ஒலி அளவைக் குறைத்து வைக்காவிட்டால் பதிவு முழுக்கக் கரகரவென்று பாழாகும். திரைக்குப் பின்னால் நின்று பாடத் தொடங்கும் வேஷம், திரை விலகும் முன்பே கால் சலங்கையால் தன்னை அறிவித்துவிடும். மைக் மேடையைப் பார்த்து இருக்கிறதா, திரைக்குக் கீழே இருக்கிறதா என்பதைப் பொறுத்து அந்தப் பிரவேசம் கேட்பதே மாறும். இதையெல்லாம் செய்முறை வகுப்பு என்று தனியாக வைத்து, கலையைப் பற்றி எழுதுவதை ‘தியரி’ என்று வேறு அறையில் வைத்தால் இரண்டுமே குறைப்படும். எங்கே மைக் வைப்பது என்று தீர்மானிக்கும் மாணவர், அந்தப் பிரவேசத்தில் எது முக்கியம் என்பதையும் அப்போதே தீர்மானித்துவிடுகிறார். விமர்சனம் அங்கேயே தொடங்கிவிட்டது.

கடைசி நாள் காலை படுகளம். மண்ணைக் குழைத்து, பல பத்து அடி நீளத்துக்குத் துரியோதனனைத் தரையில் கிடத்தியிருப்பார்கள். நின்றுகொண்டு பார்க்கிற கண்ணுக்கு அந்த உருவம் முழுசாக அகப்படாது. ட்ரோன் ஏறினால்தான் தலை முதல் கால் வரை ஒரே சட்டத்துக்குள் வரும். இந்தக் கருவி உண்மையாகவே பயன்படும் இடம் அது. கல்லூரிகள் அதைத் தயங்காமல் வாங்கிக் கொடுக்கலாம். ஆனால் துரியோதனன் மனைவி பெருந்திருவாளின் ஒப்பாரி ட்ரோனுக்குக் கேட்காது. அதற்கு ஒருவர் கீழே, கூட்டத்துக்குள், மண்ணோடு மண்ணாக உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஒப்பாரியைக் கேட்டு அழுகிற பெண்கள் யாருக்காக அழுகிறார்கள் என்று பிறகு மெதுவாக விசாரித்து எழுதவும் வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல், பக்கத்துச் செஞ்சிப் பகுதித் திரௌபதி வழிபாட்டைப் பற்றி 1988-இல் பெரிய நூல் வெளியிட்டார். அதே காலத்தில் அந்த விழாக்களைப் பற்றிய ஆவணப் படத்தையும் கொண்டுவந்தார். நூலுக்குள் அடங்காதது படத்தில் இருக்கிறது; படம் சொல்ல முடியாதது நூலில் இருக்கிறது. கடல் கடந்து வந்தவர் செய்ததை, பேருந்தில் ஒரு மணி நேரத்தில் களத்துக்கு வந்துவிடும் பிள்ளைகள் இன்னும் நன்றாகவே செய்யலாம். பாட்டில் வரும் உறவுமுறையும் வசவும் கொஞ்சலும் அவர்கள் வீட்டுத் தமிழிலேயே இருக்கின்றன.

கார்த்திகை தீபத்தை எடுக்கப் போகும் மாணவர்களுக்கும் இது பொருந்தும். 2668 அடி உயர மலையில் சுடர் எழும் அந்த நிமிடத்தை லட்சம் ஃபோன்கள் எடுக்கின்றன. எல்லாப் படமும் ஒன்றுபோல இருக்கிறது. கொப்பரை மலையேறும் பாதையையும், நெய்யும் திரியும் மேலே போய்ச் சேரும் விதத்தையும், தீபம் ஏற்றும் உரிமை கொண்ட பர்வத ராஜகுல மரபினரின் வீட்டையும் எடுத்துக் காட்டுபவர் குறைவு. அந்த வீட்டுத் திண்ணையில் கிடைக்கும் கதைக்கு மாதக்கணக்கில் போய்வர வேண்டும். ஒரு செமஸ்டர் அதற்குப் போதாது. பாடத்திட்டம் வகுப்பவர்கள் முதலில் மாற்ற வேண்டியது இந்தக் கால அளவைத்தான்.

இப்படி எழுதியதை வெளியிட இடம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. கல்கி, ‘கர்நாடகம்’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் ஆடல் பாடல் எழுதிய காலத்தில் கச்சேரி விமர்சனத்துக்காகவே இதழை வாங்கியவர்கள் இருந்தார்கள். விமர்சகர் சுப்புடு எழுதினால் வித்வான்கள் மறுநாள் காலையிலேயே தேடிப் படித்தார்கள். கூத்துக்கும் பறைக்கும் அப்படி ஒரு தொடர் பத்தி வெகுஜன இதழ்களில் நிலைக்கவில்லை. அந்த வெற்றிடம் இப்போது கொஞ்சம் கொஞ்சமாக நிரம்புகிறது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014 டிசம்பரில் தொடங்கிய ஊரக இந்திய மக்கள் ஆவணக்காப்பகம் கட்டுரை, படம், ஒலி, காணொளி என்று சேர்த்தே வெளியிடுகிறது, தமிழிலும் தருகிறது. அதில் தமிழ்நாட்டுக் கலைஞர்களையும் கைவினைஞர்களையும் பற்றி எழுதிய அபர்ணா கார்த்திகேயன், அவர்களுடைய வருமானக் கணக்கையே தலைப்பாக்கி 2019-இல் ஆங்கிலத்தில் நூல் கொண்டுவந்தார்: மணிக்கு ஒன்பது ரூபாய். கலையை மெச்சிவிட்டுக் கூலியைக் கேட்காமல் திரும்பும் பழக்கத்தை உடைக்கிற எழுத்து அது. மாணவர்களுக்குக் கட்டாயம் வைக்க வேண்டிய நூல்.

திருவண்ணாமலையில் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் கலை இலக்கிய இரவுகளால் இலக்கிய உலகில் பெயர் வாங்கிய ஊர் இது. விடிய விடியக் கதையும் பாட்டும் கேட்ட தலைமுறை இங்கே உண்டு. பவா செல்லதுரை வாயால் சொல்லும் கதைக்குக் கூட்டம் கூடும் ஊரில், மாணவர்கள் எடுத்த படத்துக்கும் கூட்டம் கூடும்.

ஆகவே ப்ராஜெக்டின் கடைசி மதிப்பெண்ணைக் கல்லூரி அரங்கில் வைக்காமல், எடுத்த ஊரிலேயே வைக்கலாம். கோவில் திடலில் வேட்டியைத் திரையாகக் கட்டி ஓட்டினால் போதும். “அது நகுலன் வேஷம் இல்லப்பா, சகாதேவன்”, “அந்தப் பாட்டு எங்க தாத்தா கட்டினது, பேரைப் போடுங்க” என்று திருத்தங்கள் வரும். எந்த வைவாவிலும் கிடைக்காத கேள்விகள் அவை. திருத்திய படமும் கட்டுரையும் ஒரு பிரதி கூத்து வாத்தியார் வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு பிரதி கல்லூரி நூலகத்துக்கு. இன்னொன்றைச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அனுப்பிக் கேட்டுப் பார்க்கலாம். கோட்டையூர்க்காரர் ஒருவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த பழைய பாட்டுப் புத்தகங்களிலும் நாடக நோட்டீசுகளிலும் இருந்துதான் அந்த நூலகம் 1994-இல் தொடங்கியது. செய்யாற்றுப் பக்கத்துப் பாரதக் கூத்தின் ஒலிப்பதிவை அதன் பாட்டுப் புத்தகத்தோடு சேர்த்து வைக்க அதைவிடப் பொருத்தமான அலமாரி இல்லை.