எல்லாம் நோர்மல், ஆனாலும் சுத்துது

மடுல்சீமையில் எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரிக்குத் தலைசுற்று என்று வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரு சொப்பிங் பேக்கோடு வருவார்கள். அதற்குள் பதுளைக்குப் போய் எடுத்த இரத்தப் பரிசோதனைத் துண்டு, ஈசிஜி தாள், சிலரிடம் தலை ஸ்கேன் படமும் இருக்கும். அத்தனையையும் மேசைமேல் பரப்பிவிட்டுக் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். “எல்லாம் நோர்மல்னு சொல்லிட்டாங்கய்யா. ஆனாலும் சுத்துதுங்க.” இதைச் சொல்லும்போது பெரும்பாலும் குரல் இறங்கிவிடும். கொழுந்தெடுக்க மலைக்குப் போகாமல் இருக்க நடிக்கிறாள் என்று வீட்டிலும் வேலைத்தலத்திலும் யாராவது அதற்குள் சொல்லியிருப்பார்கள்.

நான் முதலில் அந்தத் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பேன். வந்தவர் பார்க்கும்படி, நிதானமாக வாசிப்பேன். தலைக்குள் இரத்தக்கசிவு இல்லை, கட்டி இல்லை, இதயத் துடிப்பில் கோளாறு தென்படவில்லை, சீனி சரி, இரத்தம் சரி. இவை நல்ல செய்திகள் என்று சொல்லிவிட்டு, இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வேன்: “இதெல்லாம் சரின்னா உங்களுக்கு ஒண்ணுமில்லன்னு அர்த்தம் இல்லம்மா. இனித்தான் நாம தேட ஆரம்பிக்கிறோம்.”

தோட்டங்களில் தலைசுற்று என்றால் இரத்தம் குறைவு என்று நினைக்கும் பழக்கம் ஆழமானது. அதற்கு நியாயமும் உண்டு. கொக்கிப்புழு ஒரு காலத்தில் தொழிலாளர்களின் இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது. ரொக்பெல்லர் நிறுவனம் 1916இல் இலங்கையில் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு வேலை தோட்டங்களில்தான் ஆரம்பித்தது. இன்றைக்கும் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்ட கையோடு சாயத்தண்ணி குடிப்பதால், உணவில் இருக்கும் கொஞ்ச இரும்புச்சத்தும் சரியாக உடம்பில் சேர்வதில்லை. ஆகவே இரத்தத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் அதற்கு வைத்தியம் செய்ய வேண்டும். சிக்கல் அதற்கு அப்புறம்தான். இரத்தம் சரியாக இருந்துவிட்டால் தேடலே முடிந்துவிட்டதாக எல்லாரும் நினைத்துவிடுகிறார்கள்.

மனிதன் நேராக நிற்பதற்கு மூன்று இடங்களிலிருந்து மூளைக்குச் செய்தி போகிறது: கண், உள்காது, பாதமும் மூட்டுகளும். மூன்றும் ஒரே விதமாகச் சொல்லும்வரை நாம் நிற்பதை நாமே உணர்வதில்லை. சமதரையில் வாழ்கிறவர்களுக்கு இந்த ஏற்பாட்டில் கொஞ்சம் பழுது வந்தாலும் காலம் ஓடிவிடும். மடுல்சீமையில் ஓடாது. பிட்டமாறுவைப் பக்கமிருந்து மூடுபனி ஏறிவிட்டால் கண்ணின் உதவி போய்விடும். மழை ஊறிய சரிவில் பாதம் சொல்வதும் நம்பத்தக்கதாக இருக்காது. காது ஒன்றை மட்டும் நம்பி, கூடைக்கயிறு தலையில் அழுத்த, பாரம் பின்னால் இழுக்க, குனிந்து கொழுந்தெடுத்துத் தோளுக்கு மேலால் கூடையில் போட வேண்டும். பதுளை டவுனில் நேராக நடந்து காட்டிய பெண் இங்கே மலையில் தள்ளாடுகிறாள் என்றால் அதில் பொய் எதுவும் இல்லை. ஆஸ்பத்திரித் தரையில் அவளுடைய சமநிலைக்கு யாரும் சோதனை வைக்கவில்லை, அவ்வளவுதான்.

என் தொழிலில் நான் உயிராக மதிப்பது கேள்வி கேட்கும் பகுதியைத்தான். “எப்படிச் சுத்துது?” என்று நான் ஆரம்பிப்பதில்லை. 1972இல் அமெரிக்க மருத்துவர்கள் இருவர் தலைசுற்றை நான்காகப் பிரித்தார்கள்: சுழல்வது, மயக்கம் வருவதுபோல் இருப்பது, தள்ளாடுவது, சொல்லத் தெரியாத மற்றது. பல ஆண்டுகள் மருத்துவ மாணவர்கள் அதையே படித்தார்கள். பிறகு செய்த ஆய்வுகள் வேறொன்றைக் காட்டின. அதே நோயாளியிடம் சில நிமிடம் கழித்து அதே கேள்வியைக் கேட்டால் பதில் மாறிவிடுகிறது. ஆனால் எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எதைச் செய்தால் வருகிறது என்பதில் நோயாளி உறுதியாக நிற்கிறார். நான் பிடித்துக்கொள்வது அந்த இரண்டையும்தான்.

நேரத்தைக் கேட்பதற்கும் ஒரு பக்குவம் வேண்டும். தலை சுற்றும்போது யாரும் மணிக்கூட்டைப் பார்ப்பதில்லை. “எத்தனை நிமிஷம்?” என்றால் “ரொம்ப நேரங்க” என்றுதான் பதில் வரும். அதனால் நான் மலையை வைத்துக் கேட்பேன். “ஒரு செடி எடுத்து முடிக்கிற நேரமா? ஒரு நிரை முடிக்கிற நேரமா? இல்ல, கொழுந்து நிறுக்கிற வரைக்கும் இருந்துச்சா?” கேட்டதும் முகம் தெளிந்துவிடும். “இல்லைங்க, ஒரு செடி கூட முடிக்கல, அதுக்குள்ள நின்னுருச்சு.” அந்த ஒரு பதிலில் பாதி வழி திறந்துவிடும். அடுத்து, “படுக்கையில புரண்டா வருதா?” “ஆமாங்கய்யா, வலப்பக்கம் திரும்பினா லயமே சுத்துதுங்க.”

இப்படிச் சொல்கிறவருக்குப் பெரும்பாலும் உள்காதில் இருக்கும் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறியிருக்கும். அவை இருக்க வேண்டிய பையிலிருந்து கழன்று அரைவட்டக் குழாய் ஒன்றுக்குள் போய்விடுகின்றன. தலையைத் திருப்பும்போது துகள் நகர்கிறது, குழாய்க்குள் திரவம் அசைகிறது, உடம்பு சுழல்வதாக மூளைக்குத் தவறான செய்தி போகிறது. அது ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். ஐம்பது வயதைக் கடந்த பெண்களிடம் இது அதிகம். தலையில் அடிபட்ட பிறகும் வரும். எந்தத் தலை ஸ்கேனிலும் இந்தத் துகள் தெரியாது. கண்டுபிடிக்க ஒரு கட்டில் போதும். தலையை 45 பாகை ஒரு பக்கம் திருப்பிச் சட்டென்று மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைக் கட்டில் விளிம்புக்குக் கீழே கொஞ்சம் தொங்கவிட்டுக் கண்ணைப் பார்க்க வேண்டும். சில விநாடி ஒன்றும் இருக்காது. பிறகு கண்மணி துடிக்கத் தொடங்கும். டிக்ஸ், ஹோல்பைக் என்ற இருவர் லண்டனிலிருந்து 1952இல் எழுதிய சோதனை இது.

அதற்கான வைத்தியமும் கட்டிலில்தான். ஒரிகன் மாநிலத்து போர்ட்லண்டில் காது வைத்தியராக இருந்த ஜோன் எப்லி, தலையை ஒழுங்கான வரிசையில் திருப்பித் திருப்பித் துகளைப் பழைய இடத்துக்கே உருட்டிவிடும் முறையைக் கண்டார். அவர் அதை விளக்கிக் காட்டியபோது சக வைத்தியர்கள் நம்பவில்லை. அவருடைய கட்டுரை அச்சில் வந்தது 1992இல்தான். இன்று உலகமெங்கும் அதையே செய்கிறார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு ஓரிரு தடவையிலேயே நின்றுவிடுகிறது. மாதக்கணக்காகச் சுவரைப் பிடித்து நடந்த ஒருவர் எழுந்து தலையை இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டு நம்ப முடியாமல் என்னைப் பார்ப்பதைவிட இந்த வேலையில் பெரிய சந்தோஷம் எனக்குக் கிடையாது. எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரியாமல் போனைப் பார்த்து வீட்டில் செய்துகொள்ள வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கழுத்து எலும்பில் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்தாக முடியலாம்.

எழுந்து நின்றால் மட்டும் சுற்றுகிறது என்பவர்களுக்கு வேறு வழி. உட்கார வைத்துப் பார்த்த பிரஷர் நோர்மலாக இருக்கும். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு தடவை, எழுப்பி நிறுத்தி மூன்று நிமிடத்துக்குள் இன்னொரு தடவை பார்த்தால், மேல் எண் 20க்குக் குறையாமல் இறங்கியிருக்கும், அல்லது கீழ் எண் 10க்குக் குறையாமல் இறங்கியிருக்கும். ஊவாவில் கச்சான் காற்று அடிக்கும் ஆடி, ஆவணியில் இதை அதிகம் காணலாம். மலையில் கக்கூஸ் இல்லாததால் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே இருக்கிறார்கள். இதை வெட்கப்பட்டுச் சொல்லமாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும். அதோடு சலம் போக வைக்கும் பிரஷர் மாத்திரையும் சேர்ந்தால் உடம்பு தாங்காது. தண்ணீரும், மாத்திரையின் அளவை வைத்தியரிடம் காட்டி மாற்றுவதும் பல பேரை நிமிர்த்தியிருக்கின்றன. கழிப்பறை கட்டுவதும் தலைசுற்றுக்கு வைத்தியம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இது.

ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்குத் தலை வலிக்காமலே சுற்றுவது உண்டு. சில நிமிடத்திலிருந்து மூன்று நாள் வரை நீடிக்கும். வெளிச்சமும் சத்தமும் பிடிக்காது. மாதவிலக்குக்கு முன்னும், பட்டினி கிடந்த நாளிலும் கூடும். அதற்கும் ஸ்கேனில் சாட்சி இல்லை. தாய்க்கும் அக்காவுக்கும் தலைவலி உண்டா என்று கேட்டால் வெளியே வரும்.

இனிச் சொல்லப்போகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். ஏதோ ஒரு நாள் நிஜமாகவே கடுமையான சுற்று வந்திருக்கும். காதில் வந்த வைரஸாக இருக்கலாம், நான் மேலே சொன்ன துகளாக இருக்கலாம். அது ஆறிவிட்டது. ஆனால் ஆடுவதுபோன்ற உணர்வு போகவில்லை. படுத்தால் நிம்மதி, எழுந்தால் ஆட்டம். பசறைக்குப் போகும் பஸ்ஸில் வளைவுகளைப் பார்த்தால் கூடும். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் நிற்க முடியாது. கட்டம் போட்ட சீலையைப் பார்த்தாலே அசைவதுபோல் இருக்கும். மூன்று மாதத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில் இப்படி இருப்பதை, தலைசுற்று ஆய்வாளர்களின் பாரனி சங்கம் 2017இல் ஒரு தனி நோயாக வரையறுத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் அது இடம்பெற்றுவிட்டது. பயத்தால் வரும் கற்பனை என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு அது ஒரு நியாயம். ஒரு தடவை வழுக்கி விழுந்தவர் பிறகு உலர்ந்த தரையிலும் காலை இறுக்கி வைப்பதுபோல, ஆபத்து போன பிறகும் மூளை எச்சரிக்கையைத் தளர்த்தவில்லை. தசைகள் இறுகுகின்றன, மூளை கண்ணை அளவுக்கு மீறி நம்புகிறது, ஒவ்வொரு அசைவையும் கவனிக்கிறது. கவனிக்கக் கவனிக்க ஆட்டம் கூடுகிறது.

இவர்களிடம் நான் அதிக நேரம் செலவிடுவேன். விளக்குவதே முதல் மருந்து. தன் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று புரிந்ததும் பாதிப் பயம் இறங்கிவிடும். பிறகு பயிற்சி. கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தபடி தலையை இரு பக்கமும் திருப்ப வேண்டும், விரலிலிருந்து பார்வை விலகக்கூடாது. முதல் வாரம் உட்கார்ந்து, பிறகு நின்று, பிறகு லயத்து வாசலில் நடந்துகொண்டே. அப்புறம் கோயில் படி, கடைசியாகக் கூடையில்லாமல் மலை. படிப்படியாக ஏறும் இந்த முறையைக் கோதோர்ன், குக்ஸி என்ற இருவர் 1940களில் தலையில் காயம்பட்ட போர்வீரர்களுக்காக அமைத்தார்கள். பயிற்சி செய்யும்போது சுற்றத்தான் செய்யும். கொஞ்சம் சுற்றினால்தான் மூளை பழகும் என்பதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் இரண்டாம் நாளே விட்டுவிடுவார்கள். குணமாக மாதங்கள் எடுக்கும். சிலருக்கு மனநல வைத்தியரின் மாத்திரையும் உதவுகிறது. அதைப் பைத்தியத்துக்கான மருந்து என்று வீட்டார் நினைப்பதால், அவர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் பேசுவேன்.

தலைசுற்று மாத்திரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. கடுமையாகச் சுற்றி வாந்தி எடுக்கும் முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு ஸ்டெமெட்டிலும் சின்னரிசினும் ஆறுதல் தரும். அதற்கு மேல் தொடர்ந்தால் மூளை தானாகச் சரிசெய்துகொள்வதை அவை தாமதப்படுத்தும். வருடக்கணக்கில் எடுத்த முதியவர்களுக்குக் கைநடுக்கமும் நடை மந்தமும் வரக்கூடும். வருடக்கணக்காக பார்மசியில் தாங்களே கேட்டு வாங்கிப் போடுகிறவர்கள் நம்மிடம் நிறையப் பேர்.

கோடாங்கியிடம் போய்வந்து கையில் கயிற்றோடு வருகிறவர்களை நான் கடிந்துகொள்வதில்லை. மற்றவர்கள் ஒன்றுமில்லை என்று அனுப்பியபோது, இது இருக்கிறது என்று ஒப்புக்கொண்டவர் கோடாங்கி ஒருவர்தான். கயிறு கையிலேயே இருக்கட்டும், கட்டிலில் படுங்கள் என்பேன்.

உள்காது ஆராய்ச்சிக்காக 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்ற வியன்னா வைத்தியர் ரொபர்ட் பாரனியின் பெயரைத்தான் மேலே சொன்ன தலைசுற்று ஆய்வாளர் சங்கம் தாங்கியிருக்கிறது. பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி. காது கழுவும்போது நோயாளிகளுக்குத் தலை சுற்றுவதை அவர் பார்த்திருந்தார். தண்ணீர் போதிய சூடில்லாவிட்டால்தான் சுற்றுகிறது என்று நோயாளி ஒருவர் சொன்னதை அவர் தட்டிக் கழிக்கவில்லை. சூட்டையும் குளிரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார், கண்மணி துடிக்கும் திசை மாறியது. நோயாளியின் முறைப்பாட்டில் அந்தச் சோதனை பிறந்தது என்பதை என் டிஸ்பென்சரியில் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

சுற்றோடு சேர்த்து இரட்டையாகத் தெரிந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, முகம் கோணினாலோ, கை கால் வலுவிழந்தாலோ, நிற்கவே முடியாமல் போனாலோ, திடீரென்று ஒரு காது கேட்காமல் போனாலோ, மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ என்னிடம்கூட வர வேண்டாம். உடனே வாகனம் பிடித்து பதுளைக்குப் போங்கள்.

மற்றவர்களுக்காகச் சில கோரிக்கைகள். தோட்ட டிஸ்பென்சரிகளில் வேலை செய்யும் சக தோழர்களே, இதற்கு ஒரு கட்டிலும் பிரஷர் கருவியும் ஒரு டோர்ச்சும் போதும், அவை நம் எல்லோரிடமும் இருக்கின்றன. படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பிரஷர் பாருங்கள், கட்டில் சோதனையைக் கற்றுக்கொள்ளுங்கள். கங்காணிமாரே, கணக்கப்பிள்ளைமாரே, சுற்றுகிறது என்று சொன்ன பெண்ணைச் சரிவான மலைக்கு அனுப்பாதீர்கள், அரை நாள் கணக்காக அரைப் பேர் போட்டும் தண்டிக்காதீர்கள், கொஞ்ச நாளைக்குச் சமதரை வேலை கொடுங்கள். வீட்டிலிருப்பவர்களே, அவள் அடுத்த தடவை டிஸ்பென்சரிக்கு வரும்போது தனியே அனுப்பாமல் கூட வாருங்கள். சுற்று எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள் என்று ஒரு தாளில் குறித்து எடுத்து வாருங்கள்.